நாள் கணக்கு தொழிலாளியின் கைக்கு வரட்டும்

சம்பளத்துடன் விடுப்பு பெற ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் விடுப்பு என்ற கணக்கில் மாற்றமில்லை. 200 நாள் வேலை பார்த்தவருக்குப் பழைய சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இனி 10 நாள் உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு இது பெரிய செய்தி. அங்கே இரும்பு ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் வர ரயிலிலேயே சில நாள்கள் கழிந்துவிடும். போனால் வாரக்கணக்கில் தங்கித்தான் திரும்புவார்கள். அதனாலேயே 240-ஐ எட்ட முடியாமல் போனவர்கள் 180-ஐ எட்டிவிடலாம்.

அந்த நாள்களை யார் எண்ணுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கு, ஒப்பந்தக்காரரின் பெயர் மாறும்போது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆள் அதே ஆள், ஆலையும் அதே ஆலை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிலாளியே என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. அந்தச் சட்டம் பார்த்ததும் ஆலையில் உழைத்த நாள்களைத்தான். சம்பளச் சீட்டில் உள்ள பெயரை அல்ல.

வேலை நேரத்திலும் இதே நிலைதான். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்குமேல் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று புதிய சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ஷிஃப்ட் தொடங்குமுன் வாசல் சோதனை வரிசையில் நிற்கும் நேரமும், அடுத்த ஷிஃப்ட் ஆள் வரும்வரை இயந்திரத்தை விடாமல் காத்திருக்கும் நேரமும் எந்தக் கணக்கில் சேரும்? வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்கால விபத்தாகவே இ.எஸ்.ஐ. சட்டம் 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதையில் நேர்ந்த விபத்துக்கே இவ்வளவு தூரம் இறங்கிவரும் சட்டம், ஆலை வாசலுக்குள் கழியும் நிமிடங்களைக் கணக்கில் எடுக்கத் தயங்கக் கூடாது.

வேலை நேரத்துக்காகக் குரல் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு மரபு உண்டு. 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நிற்க, அந்த மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். உரக்கச் சொன்னால் அரசு கேட்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போதும் உரக்கச் சொல்ல வேண்டும். நியமனக் கடிதத்தைப் புதிய சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதோடு மாநில அரசு நிற்கக் கூடாது. உழைத்த நாள், ஓ.டி. மணி, சேர்ந்திருக்கும் விடுப்பு மூன்றையும் தொழிலாளியின் தாய்மொழியில் அச்சிட்டு மாதந்தோறும் அவர் கையில் தரச் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் கணக்கு தொடர வேண்டும். அதற்கு ஆலை நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தரும் ஐந்து பண்டிகை விடுமுறைகளில் ஒன்றை, வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த ஆலைகளில், அவர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

உழைத்த நாளுக்குக் கணக்குக் காட்டுவது அந்த உழைப்பால் வளர்ந்த ஆலைகளின் கடமை. காட்ட வைப்பது அரசின் கடமை.