குரு வேணுமா, கோடு போட ஆள் வேணுமா?

இணையத்தில் புதிதாக எழுத வருகிற தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "எனக்கு ஒரு நல்ல குரு வேணும். யார்கிட்ட போகலாம்?" உடனே நாலு பேர் நாலு பெரிய எழுத்தாளர் பெயரைச் சொல்வார்கள். அஞ்சாவது ஆள் ஒரு கட்டண வகுப்பின் விளம்பரத்தை அனுப்பி வைப்பார். ஆறாவது ஆள், "குருவெல்லாம் எதுக்கு? உன் மனசுல தோணுறதை எழுது" என்று தத்துவம் உதிர்த்துவிட்டுப் போய்விடுவார்.

மூன்று பதிலும் தப்பு என்பது என் கட்சி. கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதலில் இந்த குரு ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அச்சுப் பத்திரிகைக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதுபவருக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் உதவி ஆசிரியர். உங்கள் முதல் பத்தியை மொத்தமாக அடித்துவிட்டு இரண்டாவது பத்தியில் கதையை ஆரம்பிப்பார். மூணு வரிக்குள் ஒரே சொல் நாலு தடவை வந்தால் வட்டம் போடுவார். பாதிக் கதையைத் திருப்பி அனுப்புவார். அவர் பெயர் எங்கேயும் அச்சில் வராது. ஆனால் அச்சில் வந்ததையும் தன்னிடம் இருந்த நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

அந்த மேஜையில் அநியாயமும் நடந்தது. கோஷ்டி பார்த்துப் போட்டார்கள். நல்ல கதை குப்பைக்கூடைக்குப் போனது. கரிசல் பேச்சையும் கொங்குப் பேச்சையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். இணையம் வந்து மேஜையைத் தூக்கிக் கடாசியது. நல்லதுதான், அதுக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் மேஜையோடு அங்கே நடந்த வேலையும் சேர்ந்து போய்விட்டதே! அந்தப் பள்ளத்தைத்தான் இப்போது குருவைப் போட்டு ரொப்பப் பார்க்கிறோம். ரொம்பாது.

ஏன் என்கிறீர்களா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய எழுத்தாளரை குருவாகப் பிடித்தால் என்ன நடக்கும்? அவருக்கு உங்கள் கையெழுத்துப் பிரதியைப் படிக்க நேரம் இருக்காது. உங்களுக்குக் கிடைப்பது அவருடைய அபிப்பிராயங்கள் மட்டுமே. ஒரு வருஷத்தில் அவர் வாக்கியம் உங்கள் வாக்கியமாகிவிடும். அவருக்குப் பிடிக்காதவர் உங்களுக்கும் ஆகாதவராகிவிடுவார். அவருக்காக ஊரோடு சண்டை போடுவீர்கள். எழுத வந்தவர் அடியாள் ஆன கதை தமிழில் நிறைய இருக்கிறது, நாலு இலக்கியக் கூட்டத்துக்குப் போய் வந்தால் போதும். அந்த எழுத்தாளர் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதை ஏற்கனவே புத்தகமாகப் போட்டிருக்கிறார். இருநூறு ரூபாயோ முந்நூறு ரூபாயோ கொடுத்து வாங்கிப் படியுங்கள். கால்ல விழ வேணாம்.

"அப்படின்னா உ.வே.சா.வுக்கு மகாவித்துவான் கிடைச்சாரே, அது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார் உ.வே.சா. 1876இல் பிள்ளை காலமாகும்வரை அந்த உறவு நீடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு பாட்டாகப் பாடம் கேட்ட வருஷங்கள் அவை. குரு என்றால் அது. மாசத்துக்கு ஒரு தடவை ஜூமில் முகம் காட்டிவிட்டு, "தொடர்ந்து எழுதுங்க, வாழ்த்துக்கள்" என்று சொல்கிறவருக்கும் அதே பெயரை வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், அடுத்து நடந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சா. தமிழாசிரியராக இருக்கிறார். அதே ஊருக்கு முன்சீப்பாக வருகிறார் சேலம் இராமசாமி முதலியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். கேட்கிறவர்கள் மலைத்துப்போகிற பட்டியல். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வி உ.வே.சா.வைப் பழந்தமிழ்ச் சுவடிகளின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. அடித்தளம் குரு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் திசையைத் திருப்பியவர் புலவர் பரம்பரையைச் சேர்ந்தவரே இல்லை. தன் முன்னால் இருப்பவரின் பட்டியலைக் கேட்டு அசந்துபோகாத ஒரு வாசகர், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிட்டத்தட்ட ஒரே வயசில் இரண்டு சிநேகிதர்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். யாரும் யாருக்கும் குரு இல்லை. சேர்ந்து படித்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், பேசினார்கள். ஊர் பிரிந்த பிறகு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 1970இல் அழகிரிசாமிக்கு சாகித்ய அகாதமி விருது, 1991இல் கி.ரா.வுக்கு. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர், மேலே குரு பீடம் எதுவும் போடாமல், ஒருத்தரை ஒருத்தர் வளர்த்துக்கொண்டதன் விளைச்சல் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

சரி, கட்டண வகுப்புக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் 1,000 சொல் எழுதுகிறார்கள். மொத்தம் 60,000 சொல். ஒரு நாவல் அளவு! வாராவாரம் ஒரு நாவலை வரி வரியாகத் திருத்தித் தர ஒரு மனுஷரால் முடியுமா? முடியாது. அப்புறம் என்ன நடக்கும்? "கதைக்கரு தேர்வு", "பாத்திரப் படைப்பு", "உச்சக்கட்டம்" என்று படம் போட்டுப் பேசுவார்கள். உங்கள் பக்கத்தை யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. வீட்டு வேலையெல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் தட்டித் தட்டித் தொடர்கதை எழுதுவார். சேர்த்துவைத்த காசில் எட்டு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். எட்டு வாரத்திலும் அவர் எழுதியதில் ஒரு வரியை யாரும் தொடவில்லை. எது அனுப்பினாலும் "சூப்பர் மேடம்". கடைசியில் ஒரு சான்றிதழ் பிடிஎஃப் வந்தது. "நான் எழுதறது நல்லா இருக்கா இல்லையான்னு இப்பவும் தெரியலையே தம்பி" என்றார். அதற்கப்புறம் அவர் எழுதவே இல்லை. காசு போனால் போகட்டும். அந்த ராத்திரி பத்து மணியை யார் திருப்பித் தருவது?

கோடு போடுவது என்று நான் எதைச் சொல்கிறேன்? இதோ நானே ஜோடித்த ஒரு வரி:

"சூரியன் தன் பொற்கதிர்களைப் பூமியெங்கும் பரப்பிக்கொண்டிருந்த அந்த இனிய காலைப் பொழுதில், மீனா தன் அழகிய கண்களைத் திறந்தாள்."

இலக்கணப் பிழை இல்லை. ஒற்று எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. சந்திப்பிழை மட்டும் பார்க்கிறவர் இதை அப்படியே விட்டுவிடுவார். ரசிகர் மன்றம் "அருமை" என்று சொல்லிவிடும். கோடு போடுகிறவர் மூன்று கேள்வி கேட்பார். சூரியன் கதிரைப் பரப்பாத காலை உண்டா? தன் கண் அழகாக இருக்கிறது என்று தூங்கி எழும்போது யாராவது நினைப்பார்களா? அன்றைக்கு மீனா வீட்டில் என்னதான் நடந்தது? நீங்கள் யோசித்துவிட்டு, "மீனா எழுந்தபோது மணி ஏழரை. பால் பாக்கெட் வெயிலில் சூடாகிக் கிடந்தது" என்று மாற்றுவீர்கள். அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று வாசகருக்கு இப்போதே தெரிந்துவிடும். இந்த மூன்று கேள்வியை உங்களுக்காக ஒருத்தர் இருபது கதைக்குக் கேட்டால், இருபத்தோராவது கதையை எழுதும்போது அவர் குரல் உங்கள் காதில் தானாகவே கேட்கும். அப்புறம் அவர்கூட வேண்டாம்.

"இப்போதான் ஏஐ இருக்கே, அதுகிட்ட கொடுத்தா திருத்திக் கொடுத்துடுமே?" ஒற்றுப் பிழை பார்க்கக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் போரடிக்காது. மூணாவது பத்தியில் கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போகாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதே அந்தக் கொட்டாவி எந்த வரியில் வந்தது என்பதுதான். தவிரவும் உங்கள் ஆத்தாவின் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மேடைப்பேச்சாக்கிக் கையில் தருகிறது. மேஜை செய்த பழைய பாவத்தை மெஷின் இன்னும் வேகமாகச் செய்கிறது.

அப்போ என்னதான் செய்வது? நான் சொல்வது நாலே விஷயம்.

ஒன்று, உங்களைப் போலவே எழுதிக்கொண்டிருக்கிற ஒரே ஒருத்தரைப் பிடியுங்கள். "என்னோடதைப் படிங்க" என்று போய் நிற்காதீர்கள். அவருடைய கதையை முதலில் நீங்கள் வரி வரியாகப் படித்து, எங்கே நன்றாக இருந்தது, எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பத்தில் எட்டுப் பேர் கோபித்துக்கொள்வார்கள். மிச்சம் இரண்டு பேர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். அடுத்தவர் வரியில் கோடு போடப் பழகிய கண்ணுக்குத் தன் வரியிலும் கோடு போட வரும்.

இரண்டு, எழுதவே எழுதாத ஒரு வாசகரை வைத்துக்கொள்ளுங்கள். அத்தையோ, ஆபீஸ் நண்பரோ. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல போனைக் கீழ வெச்சீங்க?" என்று கேளுங்கள்.

மூன்று, தமிழ் விக்கிப்பீடியாவில் பத்துக் கட்டுரை எழுதிப் பாருங்கள். 2003இலிருந்து இருக்கிறது, காசு கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்கள் வாக்கியத்தை வெட்டுவார், ஆதாரம் எங்கே என்பார். வரலாற்றுப் பக்கத்தில் முந்தையதும் திருத்தியதும் எதிரெதிரே நிற்கும். ஈகோ அடிபடும், மொழி தேறும்.

நான்கு, காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எடிட்டருக்குக் கொடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, திருத்திய பிரதியைக் கையில் வாங்குங்கள். அது உழைப்புக்குக் கூலி, கொடுப்பதில் தப்பே இல்லை. வகுப்பில்தான் சேரப்போகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: "நான் எழுதியதில் எத்தனை பக்கத்தை நீங்களே திருத்தித் தருவீங்க?" எண்ணிக்கையாகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குரு தானாக அமைந்தால் சந்தோஷம், அது கொடுப்பினை. அமைகிறவரைக்கும் எழுதாமல் காத்திருக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி எழுதியதை நாளைக்குக் காலையில் ஒருத்தரிடம் கொடுங்கள். கூடவே ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுங்கள்.

டிஸ்கி 1: வகுப்பு எடுக்கிற எல்லாரையும் திட்டவில்லை. பத்துப் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, பத்துப் பேர் எழுதியதையும் படித்துத் திருத்துகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

டிஸ்கி 2: "இதை எழுதினியே, உனக்கு யார் கோடு போட்டாங்க?" என்று கேட்பவர்களுக்கு: வீட்டம்மாதான். இது இன்னும் நாலு பத்தி நீளமாக இருந்தது :-)