வலி மறைந்த கால்

சித்திரைப் புத்தாண்டு வந்தால் நுவரெலியாவில் குதிரை ஓடும். 1875 இல் வெள்ளைத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக அமைத்த திடல் அது. கொழும்புத் திடல் றக்பி மைதானமாகிவிட்டது. 1,868 மீற்றர் உயரத்தில், பனியும் சாரலும் மாறிமாறி வரும் இந்த நகரத்தில் மட்டும் ஆளுநர் கிண்ணம் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. வசந்த காலத்துக்கு ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பஸ் ஏறி வரும் தோட்டத்துப் பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். எல்லோருடைய கண்ணும் எந்தத் தலை முன்னால் வருகிறது என்பதில் இருக்கும். நான் பேச வந்தது குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் கணுமூட்டைப் பற்றி.

பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கணம் அந்த உடல் முழுவதும் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அப்போது அந்தக் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இப்படி நாள்தோறும் அடிபடும் மூட்டு வீங்கும், சுடும், குதிரை நொண்டும். அப்போதுதான் உரிமையாளர் மூட்டு ஊசியைப் பற்றி நினைக்கிறார். மூட்டுக்குள் நேரடியாக ஸ்டீரொய்ட் செலுத்துவார்கள்; டிரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்பவை வழக்கமான பெயர்கள். மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே உள்ள ஹயலுரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. சில நாட்களில் வீக்கம் வற்றும். குதிரை காலை நன்றாக ஊன்றும். நேற்று நொண்டிய குதிரைதானா இது என்று தோன்றும்.

ஆபத்து அந்த நல்ல நடையில்தான் இருக்கிறது. பயிற்சியில் அடிபடும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உடல் முதலில் அந்தப் பழுதான பகுதியைக் கரைத்து அகற்றும், பிறகு புதிய எலும்பால் நிரப்பும். கரைப்பது விரைவாக நடக்கும். நிரப்ப வாரங்களும் மாதங்களும் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வழக்கத்தைவிட மெலிந்து நிற்கும். அந்த நேரத்தில் ஓடாதே என்று குதிரையைத் தடுக்கும் ஒரே காவல் வலிதான். ஊசி அந்தக் காவலை அகற்றிவிடுகிறது. ஊசி போட்ட குதிரைகளுக்கு அடுத்துவரும் பல வாரங்களில் எலும்பு, மூட்டுக் காயங்கள் கூடுதலாக ஏற்பட்டதை அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அந்தக் குதிரைகளின் கால் முன்பே பழுதுபட்டிருக்கும், அதனால்தான் ஊசி போட்டார்கள் என்று ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம். வாதம் சரி. ஆனால் முன்பே பழுதான காலை ஏன் ஓட விட்டார்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

மற்றத் தீமைகளும் உண்டு. மெத்தில்பிரெட்னிசலோனைத் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு தேயும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் டிரையம்சினலோன் அந்த அளவுக்குக் கேடு செய்யவில்லை. ஸ்டீரொய்டால் குளம்புக்குள் அழற்சி வரலாம் என்ற அச்சம் வைத்தியர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. உடல் பருத்த, ஹோர்மோன் கோளாறுள்ள குதிரைகளில் அந்த அச்சத்துக்கு வலு அதிகம். மூட்டில் கிருமி புகுவது அரிது. சிட்னிப் பந்தயக் குதிரைகளில் எடுத்த கணக்குப்படி பத்தாயிரம் ஊசிக்கு ஏறத்தாழ எட்டுத்தான். ஆனால் அந்த எட்டில் ஒன்றாக அமைந்த குதிரையின் பந்தய வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடலாம். அதிலும் ஸ்டீரொய்ட் சீழின் அடையாளங்களை மூடி மறைப்பதால், காய்ச்சலும் நொண்டலும் தாமதமாகவே வெளியே தெரியலாம். தோலைப் பல தடவை கழுவி, புதுக் கையுறையோடும் புதுக் குப்பியோடும் செய்ய வேண்டிய வேலை இது. சேறும் ஈரமும் நிறைந்த மழைநாட்டு லாயத்தில் யாரோ ஒருவர் கைப்பழக்கத்தில் குத்திவிட்டுப் போகும் ஊசியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மலையகத்து மனிதருக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பாடம் எடுக்கத் தேவையில்லை. முழங்கால் வீங்கிய கொழுந்துக்காரப் பெண் இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு மலை ஏறுகிறாள். ஏறாவிட்டால் அன்றைய நாட்கூலியான பேர் விழாது. கிலோ குறைந்தால் அரைப் பேர். மாத்திரை அவள் முழங்காலை ஆற்றவில்லை, அன்றைய பேரைத்தான் காப்பாற்றியது. அவளுக்காவது வாய் இருக்கிறது. வலிக்கிறது என்று கங்காணியிடம் சொல்லலாம், சங்கத்திடம் போகலாம். நொண்டுவதைத் தவிரக் குதிரைக்கு வேறு மொழி கிடையாது.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. படம் எடுத்து, பழுது எதுவென்று கண்டு, ஊசிக்குப் பின் ஓய்வும் கொடுத்தால் அது நல்ல வைத்தியம். ஓய்வைத் தள்ளிப் போடுவதற்காகப் போடும் ஊசியைத்தான் எதிர்க்கிறேன். கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா திடலில் 2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில், 2019 ஜூனுக்குள் 30 குதிரைகள் மடிந்தன. விசாரணை நடத்தியவர்கள் சட்டவிரோத மருந்து எதையும் காணவில்லை. ஆராய்ந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றில், எலும்பு முறிந்த இடத்தில் பழைய சேதம் முன்பே இருந்தது. சட்டம் அனுமதித்த மருந்தோடும் ஒரு குதிரை உடைந்து விழலாம் என்பதை அந்த நாட்டவர்கள் இப்படித்தான் கற்றார்கள். அமெரிக்காவின் தேசிய விதிப்படி மூட்டு ஊசிக்குப் பின் குறைந்தது 14 நாட்கள் பந்தயமும், குறைந்தது 7 நாட்கள் நேரம் குறிக்கும் வேகப் பயிற்சியும் கூடாது. பிரித்தானியாவிலும் மூட்டில் ஸ்டீரொய்ட் போட்ட குதிரை 14 நாட்கள் ஓட முடியாது.

எங்கள் பருவமோ குறுகியது. ஆண்டு முழுக்கத் தீனி போட்ட செலவை ஏப்ரலின் சில ஓட்டங்களில் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எந்த உரிமையாளருக்கும் வரும். 14 நாள் ஓய்வு என்பது இங்கே பருவத்தையே இழப்பது போல. அதனால்தான் விதி இங்கே இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்கிறேன். நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. நல்ல மனிதரையும் இந்த அவசரம் தடுமாற வைக்கும்.

பந்தயம் முடிந்த குதிரையின் பாடு தனி. ஓட முடியாத குதிரை சவாரிக்குப் போகும். கிரகரி வாவிக்கரையில் விடுமுறைக்கு வந்தவர்களின் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் குதிரையை வாங்கியவர் வயதைக் கேட்டிருப்பார், விலையைக் கேட்டிருப்பார். எந்த மூட்டில் எத்தனை தடவை ஊசி ஏறியது என்று கேட்டிருக்க மாட்டார். கேட்டாலும் காட்ட ஒரு தாள் வேண்டுமே. கடிவாளத்தைப் பிடித்து நடக்கும் பையனுக்கு அந்தக் கால் திடீரென்று மடிந்தால் என்ன செய்வதென்று யார் சொல்லிக் கொடுத்தது? சட்டத்தை நம்பலாமென்றால், மிருகவதையைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உச்சத் தண்டம் 100 ரூபாய். அதை மாற்ற 2006 இல் எழுதிய வரைவு பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மருந்துக் கொப்பி வேண்டும். போட்ட மருந்து, அளவு, மூட்டு, திகதி, வைத்தியரின் கையொப்பம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். குதிரை கைமாறினால் கொப்பியும் கைமாற வேண்டும். ஓட்டத்துக்கு முந்திய நாள், உரிமையாளரிடம் கூலி வாங்காத மிருக வைத்தியர் ஒருவர் ஒவ்வொரு காலையும் தொட்டு, மடக்கி, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. ரம்பொடை வழியாக இறங்கினால் சில மணி நேரப் பயணம். அங்குள்ள வைத்தியர்கள் வந்துபோகும் செலவை நுழைவுச்சீட்டுப் பணத்திலிருந்து எடுக்கலாம்.