இறைவனுக்குச் சட்டத்தரணிகள் தேவையில்லை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எமது ஊர்களுக்குள் புகுந்தது. அதற்கடுத்த வாரங்களிலேயே ஒரு பிரசங்கமும் புகுந்துகொண்டது. எமது பாவங்களுக்கான தண்டனையே சுனாமி என்பது அதன் சாரம். ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டால் ஈமான் பழுதுபடும் என்ற எச்சரிக்கை அதன் வால். இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் டிசம்பர் மாதக் குத்பாக்களில் இதனைச் செவிமடுத்து வருகிறேன். மிம்பரில் நின்று இப்படிப் பேசுவோரின் பெயர்களை இங்கு எழுதப் போவதில்லை. அவர்கள் பேசுவது மார்க்கம்தானா என்பதே என் கேள்வி.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்று அலை பேதம் பார்க்கவில்லை. மாண்டவர்களில் கணிசமானோர் குழந்தைகள். நீரில் மூழ்கி இறப்பவரை ஷஹீத்களின் வரிசையில் நபிகளார் சேர்த்திருக்கிறார்கள் என்பது மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிந்த ஹதீஸ். நபிகளார் ஷஹீத் என்று சொன்ன குழந்தையை, அதன் தாய்க்கு எதிரான சாட்சியாக நிறுத்தும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் வழங்கினார்கள்?

இறைவன் செய்வது குறித்து அவனிடம் கேள்வி கேட்க முடியாது என்று குர்ஆனே கூறுகிறதே என்பார்கள். உண்மை. அல்அன்பியா அத்தியாயத்தின் 23 ஆவது வசனம் அது. ஆனால் அதே அத்தியாயத்தில் அறுபது வசனங்கள் தள்ளி, 83 ஆவது வசனத்தில், அய்யூப் நபி தனக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் எடுத்துரைக்கிறார். அடுத்த வசனத்திலேயே அவரது முறையீடு ஏற்கப்படுகிறது. வாய் திறந்த அதே அய்யூபைத்தான் ஸாத் அத்தியாயம் பொறுமையாளர் என்று போற்றுகிறது. யஃகூப் நபியும் அப்படியே. அழகிய பொறுமையைப் பற்றிப் பேசிய அவரே, மகனை நினைத்து அழுதழுது கண் வெளுத்துப் போனார். தன் துயரத்தை இறைவனிடமே முறையிடுவதாகவும் சொன்னார். பொறுமையும் முறையீடும் பகையென்றால் இவ்விரு நபிமாரையும் எங்கே வைப்பது?

எல்லாவற்றுக்கும் மேலாக, கவ்லா பின்த் தஃலபா என்ற பெண்மணி இருக்கிறார். தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு மனைவியை விலக்கிவைக்கும் பழைய அரபு வழக்கம் அவரது வாழ்வைக் குலைத்தது. நபிகளாரிடம் சென்று வாதிட்டார். உடனடியாகச் சாதகமான விடை கிடைக்கவில்லை. அவர் அடங்கிப்போகவில்லை, இறைவனிடமே வழக்கைக் கொண்டுசென்றார். அவரது வாதத்தைத் தான் செவியேற்றதாக இறைவன் அறிவிப்பதுடனேயே குர்ஆனின் 58 ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அதன் பெயர் அல்முஜாதிலா, வாதிடுபவள். கேள்வி கேட்ட பெண்ணின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே கொண்ட வேதத்தை ஓதிக்கொண்டு, எமது தாய்மாரிடம் வாயை மூடச் சொல்வது எவ்வகை நியாயம்?

இது பழங்கதையன்று. கொவிட் தொற்றில் இறந்தோரை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அதனை எதிர்த்த மனுக்களை விசாரணைக்கு எடுக்க, அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. சில நாட்களில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்றின் ஜனாஸா எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டி மக்கள் துக்கம் அனுஷ்டித்தனர். நாட்டின் உச்ச நீதிபீடம் கதவடைத்த பின்னர் அந்தப் பெற்றோருக்கு எஞ்சியிருந்தது ஒரேயொரு நீதிமன்றம்தான். அநீதியிழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையே திரையில்லை என்பது நபிமொழி. இல்லாத அந்தத் திரையை நெய்து தொங்கவிட்டவர்கள், சபூர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோன எம்மவர்களே. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அரசாங்கமே தவறென்று ஒப்புக்கொண்ட ஒன்றைச் சகித்துக்கொள்ள வேண்டிய விதியென்று போதித்தவர்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறைவனிடம் முறையிடுவது நம்பிக்கையின் குறைபாடன்று. நம்பாதவன் யாரிடம் முறையிடுவான்? கேட்க ஒருவன் இருக்கிறான், அவன் நீதியாளன் என்று உறுதிகொண்டவனே வழக்கை எடுத்துச் செல்கிறான்.

இந்த மௌனப் போதனையால் ஆதாயம் அடைவோர் வேறு இடத்தில் இருக்கிறார்கள். இறைவனிடமே கேட்கக்கூடாது என்று பழக்கப்பட்டவன் கச்சேரியில் போய் என்ன கேட்பான்? சுனாமியில் வீடிழந்தோருக்கென அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியுதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், அவை பகிரப்படாமல் ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. அக்காலமெல்லாம் எத்தனை மிம்பர்கள் அவ்வீடுகளைப் பற்றிப் பேசின? பாதிக்கப்பட்டவனின் பாவத்தைப் பேசுவது இலகு. அதிகாரியின் கடமையைப் பேசுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

மௌலவிமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பர் 26 இல் தண்டனைக் கதையைக் கைவிடுங்கள். அல்முஜாதிலாவின் ஆரம்ப வசனங்களை ஓதி, அதன் பொருளையும் சொல்லுங்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் பின் வரிசையில் இருப்பாள். தன் வழக்கைத் தன் இறைவனிடம் அவளே சொல்லிக்கொள்வாள். நீங்கள் தீர்ப்பை எழுதாமல் இருந்தால் போதும்.