"பரவாயில்லை டாக்டர்" வேண்டாமே!

"எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும் நம் பெண்களுக்கு வாயில் வரும் முதல் வார்த்தை, "பரவாயில்லை". சளி, ஜுரத்துக்கு அது போகட்டும். முடக்குவாதம், அதாவது ரூமடாய்ட் ஆர்த்ரைடிஸ் உள்ளவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு வரக்கூடாது. மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்ய ஒரு கணக்கு உண்டு. அதில் உங்கள் பதிலுக்கும் மார்க் இருக்கிறது!

'டாஸ் 28' என்று அதற்குப் பெயர். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் இரண்டிரண்டு, கைவிரல்களில் இருபது, ஆக 28 மூட்டுகள். எத்தனையில் வலி, எத்தனையில் வீக்கம் என்று டாக்டர் அழுத்திப் பார்த்து எண்ணுவார். (வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள்.) இரத்தத்தில் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. பார்ப்பார்கள். பிறகு, "வியாதி எவ்வளவு படுத்துதுன்னு 0-லேர்ந்து 100-க்குள்ளே சொல்லுங்க" என்பார். இ.எஸ்.ஆர். வைத்துப் போட்ட கணக்கில் 5.1-க்கு மேல் வந்தால் வியாதி உக்கிரம், 2.6-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது. இரத்தப் பரிசோதனை இல்லாமலே போடுகிற கணக்கும் உண்டு.

'மாத்திரை போட்டா வலி நிக்குதே, இதெல்லாம் எதுக்கு?' என்று தோன்றும். வலி மாத்திரை வலியைத்தான் அமுக்கும். உள்ளே வீக்கம் புகைந்துகொண்டே இருந்தால் எலும்பு அரித்து விரல் கோணிவிடும். அப்படிக் கோணினது மருந்தால் நிமிராது. அதனால்தான் நோய் அடங்கும்வரை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். 2004-ல் வெளியான கிளாஸ்கோ ஆராய்ச்சியில், மாதாமாதம் எண்ணி மருந்தைத் திருத்தியவர்களில் 18 மாதத்தில் நூற்றுக்கு 65 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான வைத்தியத்தில் 16 பேருக்குத்தான்!

எனவே போவதற்கு முன் ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிஷம் ஆச்சு? குக்கர் மூடியைத் திறக்க முடிந்ததா? குழந்தைக்குச் சட்டைப் பித்தான் போட வந்ததா? அன்று காலை வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பாதமும் கணுக்காலும் அந்த 28-ல் சேராது. அங்கே வலித்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். கூட வந்தவர் முகத்தைப் பார்த்து நம்பரைக் குறைக்காதீர்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், வீணாக மருந்து ஏறும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. அடுத்த குழந்தைக்கு ஆசையிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் அடுத்த வாரத்து மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.