மேயரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்த போராட்டம் அது. நடைபாதையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மாளிகைக்குள் மேயர் நாற்காலியில் இருப்பவரும் நம் பெண்தான். 2022 மார்ச்சில் சென்னையின் முதல் தலித் பெண் மேயராகப் பிரியா பதவியேற்றபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை வந்து வாசலில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனது.

அவரைத் தனிமனிதராகத் திட்டித் தீர்ப்பது எளிது. பலர் செய்தார்கள். நாம் கேட்பது வேறு: சென்னை மேயர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? அவரை மேயராக்கியவர்கள் மாமன்ற உறுப்பினர்கள். உறுப்பினர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னது கட்சித் தலைமை. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் 'மேயர்' என்ற பதவிக்கு யாரும் வாக்குக் கேட்டதே இல்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996, 2001 தேர்தல்களில் சென்னை மக்கள் மேயருக்கென்று தனியாக வாக்களித்தார்கள். இரண்டு முறையும் மு.க. ஸ்டாலின் வென்றார். 2006இல் திமுக ஆட்சி அதை மறைமுகத் தேர்தலாக்கியது. 2011இல் அதிமுக ஆட்சியில் மீண்டும் நேரடி. 2016இல் அதே கட்சி மறைமுகம் என்றது, 2018இல் நேரடி என்றது, 2019இல் திரும்பவும் மறைமுகம் என்றது. இதில் கொள்கை எங்கே இருக்கிறது? அந்தந்த நேரத்துக் கூட்டணிக் கணக்குதான் இருக்கிறது.

மறைமுகத் தேர்தல் நமக்கு என்ன செய்யும் என்பதற்கு 2022 நெல்லிக்குப்பம் போதும். அந்த நகராட்சித் தலைவர் பதவி கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. திமுக உறுப்பினரே எதிர்த்து நின்று வென்றார். இப்படி வென்றவர்கள் விலக வேண்டும் என்று முதல்வரே பகிரங்கமாகச் சொல்லும்படி ஆனது. நான்கு சுவருக்குள் நடக்கும் தேர்தலில் தலித் கட்சியை ஓரங்கட்ட, வாக்களிக்கும் சிலர் மனம் மாறினால் போதும்.

இதை மேலவளவோடு சேர்த்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் மிரட்டலை மீறி நின்று முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்புகையில், பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 2006 வரை பத்து ஆண்டுகள் பதவியே நிரம்பவில்லை. அந்த அநியாயம் ஊரறிய நடந்தது. நாடே கேள்வி கேட்டது. மக்கள் வாக்கை மறுக்கச் சாதி தன் கத்தியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மறைமுகத் தேர்தலில் அதற்கு அவசியமே இல்லை.

தோழர்கள் சிலர் இங்கே பூனா ஒப்பந்தத்தை நினைவூட்டுவார்கள். 1932இல் இரட்டை வாக்குரிமையை இழந்து கூட்டுத் தொகுதிக்குள் தள்ளப்பட்டோம். மாநகரம் முழுவதும் வாக்களித்தால் ஆதிக்க சாதிகளுக்குப் பிடித்த, வாய் திறக்காத தலித்தான் வெல்வார் என்பது அவர்கள் வாதம். இது லேசான வாதம் அல்ல. நேரடித் தேர்தல் இதைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இன்று அந்த 'வாய் திறக்காதவரை'த் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கட்சி அலுவலகமே முடித்துவிடுகிறது. நேரடித் தேர்தலில் குறைந்தபட்சம் வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் வந்து நின்று வாக்குக் கேட்டாக வேண்டும். வாக்குறுதி கொடுத்தாக வேண்டும். கட்சி வேண்டாம் என்ற தலித்தும் வேட்பாளராக நிற்க முடியும்.

வாக்கு மட்டும் போதாது என்பதையும் ஊராட்சிகள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தன. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். படம் வெளிவந்ததால் வழக்கானது. படம் வராத இன்னொன்று உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் துணைத் தலைவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் பேனாவை மூடிவைத்தால் குழாய்க்கு மோட்டார் கூட வாங்க முடியாது.

மாநகராட்சியில் அந்தப் பேனா ஆணையர் கையில். அவர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். திட்ட அனுமதி சிஎம்டிஏவிடம். சேரி மக்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எல்லாமே மேயர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பட்டியலிட்ட பதினெட்டுப் பணிகளில் குடிசைப்பகுதி மேம்பாடும் உண்டு, குடிநீரும் உண்டு. ஆனால் எதை ஒப்படைப்பது என்ற முடிவை அது மாநிலத்திடம் விட்டுவிட்டது. மத்திய அரசிடம் மாநில உரிமை கேட்கும் நம் கட்சிகளுக்கு, மாநகராட்சி உரிமை என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

தேர்தலே நடத்தாமல் இருப்பது இன்னும் சுலபமான வழி. 2016 முதல் 2022 வரை சென்னைக்கு மேயரே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. தனி அலுவலர் நாற்காலிக்கு இடஒதுக்கீடும் கிடையாது.

ஆகவே அடுத்த நகர்ப்புறத் தேர்தல் அறிவிப்புக்கு முன் நம்மிடம் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் மூன்றையும் சேர்த்தே கேட்போம்: மேயருக்கு நேரடித் தேர்தல், ஆணையர் மேயருக்குக் கட்டுப்பட்டவர் என்ற சட்டத்திருத்தம், தலித் தலைவர்கள் உள்ள ஊராட்சிகளில் துணைத் தலைவர் கையெழுத்து மறுத்தால் குறித்த நாளுக்குள் மாற்று ஏற்பாடு. முதலாவதை மட்டும் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தெற்குத்திட்டைப் படத்தை எடுத்துக் காட்டுங்கள்.