பிள்ளையை யார் கையில் விட்டுச் செல்வது?

விடிவதற்கு முன்பே தோவாளைப் பூ கிழக்கேகோட்டைக்கு வந்து இறங்கிவிடுகிறது. பழவங்காடி கணபதி கோயில் பக்கம் பூக்கட்ட உட்காரும் நம் பெண்களின் அருகே, சாக்கை விரித்து, பழைய புடவையைப் போர்த்திக் கிடத்தியிருக்கும் கைக்குழந்தைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பஸ் நிலையத்துப் புகையிலும் ஹாரன் சத்தத்திலும் அந்தக் குழந்தைகள் உறங்குகின்றன. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அது நம் கண்ணை உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பம் ஒன்றில் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். அவள் கோட்டைக்குள்ளோ மணக்காட்டிலோ மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பத்து மணி நேரம் எங்கே இருக்கிறது?

பதில் நமக்குத் தெரியும். சில பிள்ளைகள் தாயோடு தெருவில் இருக்கின்றன. சில பிள்ளைகள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் தினக்கூலி பேசி விடப்படுகின்றன. சில பிள்ளைகளை ஊரில் ஆச்சியிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போய்ப் பார்த்துவருகிறோம். பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்து அழுகிறது, ஆச்சி முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. இவை எல்லாவற்றையும்விடக் கொடிய வழி ஒன்று உண்டு. மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தம்பியை இடுப்பில் ஏற்றிவிடுவது. அவளுக்கே வயது பத்து. ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையின் படிப்பைப் பலி கொடுக்கிறோம்.

"கூலியைப் பேசுங்கள், ரேஷன் கார்டைப் பேசுங்கள், பிள்ளை வளர்ப்பது வீட்டு விஷயம், அதைச் சங்கம் ஏன் பேசவேண்டும்?" என்று நம்மிடமே கேட்கிற தோழர்கள் உண்டு. பிள்ளையை விட இடமில்லாத தாய் வேலையை விடுகிறாள். அல்லது பாதி நாள் வேலைக்கு முழு நாள் உழைப்பைக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வரும் கூலியில் அவள் பங்கு குறைகிறது. இது கூலிப் பிரச்னை இல்லையென்றால் வேறு எது கூலிப் பிரச்னை?

முதலில் இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்லுவோம். பிள்ளையை எங்காவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வாசலில் தொங்கும் இங்கிலீஷ் போர்டும், சுவரில் வரைந்த கரடி பொம்மையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அவற்றுக்குக் கட்டணம் கட்டி நாம் ஏமாறுகிறோம். மூன்று வயதுப் பிள்ளை ஏ, பி, சி, டி ஒப்பிக்கிறதா என்பது கேள்வியே அல்ல. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. குழந்தைக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறியில், மூன்று வயதுக்குக் கீழே உள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவரும், அதற்கு மேல் ஆறு வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒருவரும் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஓர் அறையில் முப்பது சின்னப் பிள்ளைகளும் ஒரே ஓர் ஆயாவும் இருந்தால், அந்த ஆயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது காப்பகம் அல்ல, பட்டி.

இரண்டாவதாக, சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பெற்ற தாயை உள்ளே விடாத இடம் எதையோ மறைக்கிறது. பிள்ளை ஈரத் துணியோடு கிடக்கிறதா, அழுகிற பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா, குடிக்கும் தண்ணீர் மூடி வைக்கப்பட்டிருக்கிறதா, சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிறார்களா, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, தெருவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு கதவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். தாய்க்கு இருக்கிற கண் போதும்.

மூன்றாவதாக, பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையின் உடம்பைக் கேளுங்கள். இதே திருவனந்தபுரத்தில், 2024 டிசம்பரில், காப்பகம் ஒன்றில் படுக்கையை நனைத்ததற்காக இரண்டரை வயதுக் குழந்தையைக் காயப்படுத்தியதாக மூன்று ஆயாக்கள் கைது செய்யப்பட்ட செய்தியை நாம் படித்தோம். அந்தக் குழந்தைக்குக் கேட்க அம்மா வீட்டில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம். ஆகவே மாலையில் குளிப்பாட்டும்போது உடம்பை ஒருமுறை கவனியுங்கள். போகும்போது வழக்கத்துக்கு மாறாக ஒடுங்குகிறதா, யாரையாவது கண்டு நடுங்குகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்; காசு கிடையாது.

இவ்வளவும் பார்த்துவிட்டு நாம் முதலில் தட்டவேண்டிய கதவு, ஊர்ப் பழக்கத்தில் பால்வாடி என்று சொல்கிறோமே, அந்த அங்கன்வாடிதான். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் இது. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி வழியே இலவசமாக உணவு கிடைப்பது உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல. "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய் வாங்குங்கள்" என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. குழந்தைக்கு ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் திரும்பி வராதீர்கள். தாயின் ஆதாரை வைத்தே பதிவு செய்யலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் கோதுமை, கடலை, சோயா சேர்த்துத் தயாரிக்கும் அம்ருதம் மாவு வீட்டுக்கே கிடைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு அங்கேயே சூடான சாப்பாடு. 2022 ஆகஸ்டிலிருந்து பாலும் முட்டையும் சேர்ந்தன.

"அங்கே மலையாளம்தானே பேசுவார்கள், நம் பிள்ளை தமிழை மறந்துவிடுமே" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பயம் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு இரண்டு மொழி பாரமல்ல. பேசவும் கேட்கவும் ஆளில்லாத தனிமைதான் பாரம். டீச்சரிடம் மலையாளம் பேசட்டும். வீட்டில் நாம் தமிழில் கதை சொல்வோம். "தண்ணி வேணும்", "வலிக்குது", "பயமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் என்ன பொருள் என்பதை முதல் நாளே டீச்சருக்கும் சேச்சிக்கும் சொல்லிவிட்டு வாருங்கள். அது போதும்.

ஆனால் தோழர்களே, தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். அங்கன்வாடி மூன்று வயதுக்கு மேல்தான் பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்கிறது. மாலை நான்கு மணிக்கு முன்பே கதவு மூடுகிறது. வீட்டுவேலைக்குப் போன தாய் திரும்ப ஆறு மணி. கடை கூட்டுகிறவள் திரும்ப எட்டு மணி. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாவுப் பாக்கெட் உண்டு, மடி இல்லை. கடைகளில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கடையே இல்லாத தெருவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐம்பதுதான். நல்ல சட்டம்தான். ஆனால் நம் பெண்கள் ஒரு கடையில் மூன்று பேர், ஒரு வீட்டில் ஒருத்தி, பூக்கூடையோடு தனியாள். ஐம்பது என்ற கணக்கு நம் தலைக்கு மேலே பறந்து போகிறது.

ஆனால் சாலைக் கடைத்தெரு முழுவதையும் ஒரே கூரை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கடையில் ஐம்பது பேர் இல்லாமல் இருக்கலாம். ஒரு தெருவில் இல்லையா? பல நிறுவனங்கள் ஒன்றாகப் பணம் போட்டோ, அரசும் நகராட்சியும் நடத்தும் காப்பகத்தைச் சேர்ந்து பயன்படுத்தியோ பொதுவாக ஒரு காப்பகம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த 2020 சட்டத் தொகுப்பே சொல்கிறது. ஆகவே மாநகராட்சியும் வியாபாரிகளும் சேர்ந்து கிழக்கேகோட்டையைச் சுற்றி ஒரு பொதுக் காப்பகம் நடத்தக் கேட்பது பேராசை அல்ல. மத்திய அரசு 2022-இல் பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்குத் திட்டம் போட்டு, நாடு முழுவதும் 17,000 என்று இலக்கும் வைத்தது. அது ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும் திட்டம். அதில் ஒன்று நம் தெருவுக்கு ஏன் வரக்கூடாது?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1969-இல் டெல்லியில், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டடவேலை நடந்த இடத்தில், செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகமும் போகவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் 'மொபைல் கிரெஷ்' அமைப்பாக வளர்ந்தது. குஜராத்தில் சேவா சங்கத்துப் பெண்கள், தாயின் வேலை நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் காப்பகங்களைக் கூட்டுறவாகவே நடத்திக் காட்டினார்கள். அவர்களும் நம்மைப்போலக் கூலிக்காரப் பெண்கள்தான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நம் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் அங்கன்வாடி டீச்சரும் ஹெல்பரும் தொழிலாளிகள். அவர்களுக்குத் தருவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறார்கள். 2018-இல் உயர்த்திய பிறகும் அதற்கான மத்திய அரசுக் கணக்கு டீச்சருக்கு 4,500 ரூபாய், ஹெல்பருக்கு 2,250 ரூபாய். பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்கள் என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. 2025-இல் இதே ஊரில் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் போராட்டம் நடத்தினார்கள். காப்பகம் எட்டு மணி வரை திறந்திருக்கட்டும் என்று நாம் கேட்டால், அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆளும் கூலியும் வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கவேண்டும். ஓர் உழைப்பாளியின் முதுகில் ஏறி இன்னோர் உழைப்பாளி இளைப்பாற முடியாது.

இனிச் செய்யவேண்டியது என்ன? 2006 டிசம்பர் 13-இல் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை தந்தது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்கவேண்டும் என்பது அந்த ஆணை. ஆக, நம் கையில் இருக்கவேண்டியது ஒரு பட்டியல். எந்தச் சந்தில், எந்த வரிசையில், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, தாய் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், பகலில் பிள்ளை யார் கையில் இருக்கிறது, அதற்காகப் படிப்பை நிறுத்திய அக்கா உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இந்த விவரங்களை இந்த மாதமே வீடு வீடாகப் போய் எழுதுங்கள். பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் அதன் நேரத்தையும் வயது வரம்பையும் பற்றிய கோரிக்கை. இல்லையென்றால் புதிய அங்கன்வாடிக்கான கோரிக்கை. அதை எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடமும் வார்டு சபைக்கும் தாய்மார்களே போகட்டும். ஆண்கள் பின்னால் நிற்கட்டும்.

கேட்டால் நடக்குமா என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2025 தொடக்கத்தில் கேரளத்து அங்கன்வாடிக் குழந்தை ஒன்று உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட காட்சி ஊரெல்லாம் பரவியது. அந்த ஜூன் மாதமே அரசு சாப்பாட்டுப் பட்டியலை மாற்றி, முட்டை பிரியாணியைச் சேர்த்தது. பேசத் தெரிந்த ஒரு குழந்தை கேட்டதற்கே பட்டியல் மாறியது. நாற்பது தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் ஒரு கதவு இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்காதா?

நல்ல இடம் பார்த்துப் பிள்ளையை விடுவது ஒவ்வொரு தாயின் கடமை. நல்ல இடம் இருக்கும்படி செய்வது நம் எல்லாருடைய கடமை. பழவங்காடியில் சாக்கின் மேல் உறங்கும் பிள்ளை, நாளை ஒரு பாயின் மேல், ஒரு கூரையின் கீழ், பெயர் தெரிந்த ஒருவரின் பார்வையில் உறங்கட்டும். அதன் அக்கா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகட்டும்.