'கொடி சுத்தியிருக்கு, தண்ணி கம்மி...' கடைசி மாதத்தில் சிசேரியன் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுப் பெண் ஒன்பதாவது மாதத்தில் இருக்கிறார் என்றால், பார்க்க வரும் உறவினர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டாக்டர் என்ன சொன்னாங்க, நார்மலா ஆபரேஷனா?" பத்து வருடத்துக்கு முன்பு இந்தக் கேள்விக்கு 'நார்மல்தான்' என்று பதில் வருவது சகஜம். இப்போது தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போல ஆகிவிட்டது.

மிகைப்படுத்தல் இல்லை. 2019-21 காலகட்டத்தில் நடந்த 5-வது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், அதாவது 2015-16-ல், இது 34.1 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். நம்மைவிட மேலே இருப்பது தெலங்கானா: 60.7 சதவீதம். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 63.8 சதவீதம். மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட ஆபரேஷன்.

உலக சுகாதார நிறுவனம் 1985-ல் 10 முதல் 15 சதவீதம் வரை போதும் என்றது. 2015-ல் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னது: ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் இறப்பு குறைகிறது, அதற்கு மேல் உயர்வதால் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை எட்டுவது இலக்கு அல்ல, தேவைப்படும் பெண்ணுக்குக் கிடைப்பதுதான் முக்கியம் என்று. அந்த இரண்டாவது வரியை விவாதங்களில் யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

காசுக்காக மட்டும்தானா?

வாட்ஸ்அப் குரூப்களில் இதற்கு ரெடிமேட் பதில் உண்டு: "எல்லாம் காசு." அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இந்தக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் தனியார் மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்ணுக்கு சிசேரியன் ஆகும் வாய்ப்பு அரசு மருத்துவமனையைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம் என்றது. தமிழ்நாட்டில் 3 மடங்கு, சத்தீஸ்கரில் 10 மடங்கு. தமிழ்நாட்டில் தனியாருக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கும் சிசேரியன் அதிகமாக நடப்பதைத்தான் ஆய்வாளர்கள் கவலைக்குரியதாகக் குறிப்பிட்டார்கள்.

ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு கணக்கு உதைக்கிறது. சிசேரியனுக்குத் தனிக் கட்டணம் வாங்காத நம் அரசு மருத்துவமனைகளிலேயே விகிதம் 36 சதவீதம். இந்திய அரசு மருத்துவமனைகளின் சராசரி 14.3 தான். அங்கே யாருக்கு என்ன லாபம்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பேறுகால இறப்பு விகிதம் 2018-20-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. இந்திய சராசரி 97. ஒவ்வொரு தாய் மரணமும் மாவட்ட அளவில் தணிக்கைக்கு உள்ளாகிறது. இது நல்ல விஷயம்தான், இந்தச் சாதனைக்குப் பின்னால் அந்தத் தணிக்கைக்கும் பங்கு உண்டு. அதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காத்திருந்து ஏதாவது ஆனால் 'ஏன் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணல?' என்று கேள்வி வரும். ஆபரேஷன் செய்துவிட்டால் 'ஏன் இன்னும் நாலு மணி நேரம் பொறுக்கல?' என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. உறவினர்கள் கோபம், போலீஸ் புகார், மருத்துவமனை மீது கல்வீச்சு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 2022-ல் ராஜஸ்தானின் தௌசாவில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்ததை அடுத்து வழக்கு பதிவானது. சிகிச்சை அளித்த மகப்பேறு மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் செய்தி மருத்துவர்கள் மத்தியில் இன்னும் மறக்கப்படவில்லை.

நேரமும் ஒரு காரணம். முதல் பிரசவத்தில் வலி தொடங்கிக் குழந்தை பிறக்க 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். சிசேரியன் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர், கூப்பிட்டால் வரும் மயக்க மருத்துவர் என்று இயங்கும் சின்ன நர்சிங் ஹோமில், ராத்திரி 2 மணிக்கு அவசரம் என்றால் ஆள் கிடைக்குமா என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தின் விலையை வயிற்றில் தழும்பாகச் சுமப்பது யார் என்பதுதான் கேள்வி.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் வார்த்தைகள்

36 வாரத்துக்குப் பிறகு குடும்பங்களைப் பயமுறுத்தும் வார்த்தைகள் சில இருக்கின்றன.

முதலிடம் 'கொடி சுத்தியிருக்கு'. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருப்பது நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் காணப்படும் சாதாரண விஷயம். குழந்தை வயிற்றுக்குள் மூக்கால் மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் கொடி வழியாகத்தான் வருகிறது. அதனால் 'கழுத்து நெரியும்' என்ற கற்பனை இங்கே பொருந்தாது. இதயத்துடிப்பு நன்றாக இருந்தால், கொடி சுற்றியிருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் மருத்துவரோ செவிலியரோ விரலால் அதை விலக்கிவிடுவார்கள்.

அடுத்தது 'தண்ணி கம்மி'. பனிக்குட நீரை அளக்க இரண்டு முறைகள் உண்டு. நான்கு மூலைகளிலும் அளந்து கூட்டும் ஏஎஃப்ஐ, இன்னொன்று ஒரே ஆழமான பகுதியை மட்டும் அளப்பது. ஏஎஃப்ஐ 5 சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது ஆழமான பகுதி 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நீர் குறைவு. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்வது என்னவென்றால், ஏஎஃப்ஐ முறையில் அதிகம் பேருக்கு 'நீர் குறைவு' முத்திரை விழுகிறது, சிசேரியனும் கூடுகிறது, குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. உண்மையிலேயே நீர் குறைந்திருந்தாலும், நிறைமாதத்தில் பெரும்பாலும் முதலில் யோசிப்பது வலி வரவைக்கும் மருந்தைத்தான். நேராக ஆபரேஷனை அல்ல.

'டேட் தாண்டிடுச்சு' இன்னொன்று. டாக்டர் எழுதித் தரும் அந்தத் தேதியில் சரியாகப் பிறக்கும் குழந்தைகள் 5 சதவீதம் அளவுக்குத்தான். 41 வாரம் ஆகிவிட்டால் வலி வரவைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 40 வாரமும் ஒரு நாளும் ஆனதே ஆபரேஷனுக்குக் காரணம் என்று யாராவது சொன்னால், தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம்.

இதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நஞ்சு கர்ப்பப்பை வாயை முழுதாக மறைத்திருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது, கொடி முன்னால் சரிந்து வருவது, வலி நேரத்தில் இதயத்துடிப்பு விழுந்து எழாமல் இருப்பது... இவற்றில் சிசேரியன்தான் உயிரைக் காப்பாற்றும். அப்போது 'இன்னும் கொஞ்சம் பார்ப்போமே' என்று குடும்பம் கையெழுத்துப் போட மறுப்பது ஆபத்து. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு இளம் தாய் இறந்தார். மருத்துவமனை மேல் உள்ள அவநம்பிக்கை அந்த எல்லைக்கும் போகும்.

சாதாரணப் பிரசவமும் வலியோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை. தசை கிழியலாம், பின்னாளில் தும்மினால் சிறுநீர் கசியலாம். 'சுகப்பிரசவம்' என்ற நம் வார்த்தையே கொஞ்சம் ஓரவஞ்சனை. அப்படியென்றால் ஆபரேஷனில் பெற்றவர் துக்கப்பிரசவமா பெற்றார்?

நல்ல நேரம் பார்ப்பது புதுசா?

கோயில் நகரத்தில் இந்தப் பேச்சு வராமல் போகாது. சிசேரியன் என்று முடிவானதும் பஞ்சாங்கம் வெளியே வரும். "புதன்கிழமை காலையில வெச்சுக்கலாமா டாக்டர்?"

இது ஆபரேஷன் தியேட்டரோடு பிறந்த பழக்கம் இல்லை. பெரியபுராணம் சொல்லும் கோச்செங்கட் சோழர் கதை தெரிந்திருக்கும். பிரசவம் ஒரு நாழிகை தள்ளிப்போனால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொல்ல, அரசி கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்கிறார். பிள்ளை சிவந்த கண்களோடு பிறக்கிறது. பெயரும் அப்படித்தான் வந்தது. கதையில் பலரும் மறந்துவிடும் பகுதி, பெற்ற உடனேயே கமலவதி இறந்துபோகிறார் என்பது.

மருத்துவக் காரணத்துக்காக ஏற்கெனவே முடிவான சிசேரியனைக் காலை 7-க்கு பதில் 9-க்கு வைப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் நட்சத்திரத்துக்காக 37-வது வாரத்திலேயே எடுப்பது வேறு விஷயம். அவசரக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் செய்யக் கூடாது என்பது மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. முன்கூட்டியே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும், பச்சிளம் குழந்தைகள் ஐசியூவில் நாட்கள் கழியும்.

தாய்வீடும் தறியும்

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பெண், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். அழகான வழக்கம்தான். ஆனால் ஏழெட்டு மாதம் பார்த்த டாக்டரை விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் புது டாக்டரிடம் ஒரு பெண் ஃபைலோடு நிற்கிறார் என்பதும் இதற்குள் இருக்கிறது. அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. இந்த இடத்தில் இரு தரப்புக்கும் பாதுகாப்பாகத் தோன்றுவது ஆபரேஷன். ஊருக்கு வருவது உறுதி என்றால் 32-வது வாரத்திலேயே ஒரு முறை இங்கே வந்து காட்டிவிட்டுப் போவது நல்லது. பிக்மி எண்ணும் பழைய ஸ்கேன்களும் கையில் இருக்கட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகான நாட்கள் எல்லோருக்கும் ஒன்று அல்ல. ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு மகப்பேறு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறியில் உட்காரும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டாது. குழித்தறியில் குழிக்குள் காலை விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, முன்னால் சாய்ந்து நெய்ய வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் வயிற்றுத் தசை வேலை செய்யும். ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 6 வாரம் பாரம் தூக்காதீர்கள், வயிற்றை இறுக்காதீர்கள் என்று சொல்வது மருத்துவருக்கு எளிது. தறி நின்றால் கூலி நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணைகளாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும் 18,000 ரூபாய்தான் அந்த வீட்டின் மகப்பேறு விடுப்பு. அது சிசேரியன் ஆனவருக்கும் ஆகாதவருக்கும் ஒரே தொகை.

முதல்ல சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியனா?

'ஒருதடவை கிழிச்சா எப்பவும் கிழிக்கணும்' என்பது பாதி உண்மைகூட இல்லை. முந்தைய வெட்டு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக இருந்து, வேறு சிக்கல் இல்லையென்றால், முயற்சி செய்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு இயல்பான பிரசவம் ஆகிறது. தழும்பு விட்டுப்போகும் அபாயம் 100-ல் ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்பதால் அலட்சியம் கூடாது. அது நடந்தால் நிமிடங்களில் ஆபரேஷன் செய்யும் வசதி வேண்டும். அதனால்தான் பல சின்ன மருத்துவமனைகள் 'ரிஸ்க் வேண்டாம்' என்கின்றன. அவர்கள் அளவில் அது சரி. அப்படியானால் 24 மணி நேரமும் மயக்க மருத்துவரும் ரத்தமும் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ, சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ கேட்டுப் பார்க்கலாம்.

முதல் சிசேரியனை ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழே இறங்கி வாயை மறைத்தால், அது பழைய தழும்பில் வேரூன்றி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒரு சிசேரியன் ஆனவருக்கு 11 சதவீதம், இரண்டு ஆனவருக்கு 40 சதவீதம். அப்படி ஒட்டினால் பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். ஒரே குழந்தை போதும் என்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு, மூன்று என்று யோசிப்பவருக்குப் பெரிய விஷயம்.

என்ன கேட்கலாம்?

2017-ல் மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வெளிப்படையாகப் பலகையில் எழுத வேண்டும் என்று ஒரு இணைய மனு லட்சக்கணக்கான கையெழுத்துகளைப் பெற்றது. அந்தப் பலகை ரிசப்ஷனில் இல்லை என்றால் நாம்தான் கேட்க வேண்டும்: இங்கே முதல் பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது?

அடுத்தது, இன்றைக்கே முடிவெடுக்க வேண்டுமா, ஒரு நாள் காத்திருந்தால் என்ன ஆகும் என்பது. அவசரம் என்றால் எந்த மருத்துவரும் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவார். 'எதுக்கும் பண்ணிடலாம்' என்று பதில் வந்தால், இன்னொரு மருத்துவரிடம் காட்ட நேரம் இருக்கிறது என்று அர்த்தம். குழந்தை கால் கீழாக இருந்தால், வெளியிலிருந்து கைகளால் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. லேபர் வார்டில் அம்மாவோ கணவரோ கூட இருக்க அனுமதி உண்டா? ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலே இயல்பான பிரசவ வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிர வலி தொடங்குவதாகக் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வரையறையை மாற்றியதால், 3 சென்டிமீட்டரில் 'முன்னேற்றம் இல்லை' என்று சொன்னால் ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை. இடுப்புக்கு ஊசி போட்டு வலியைக் குறைத்தால் சிசேரியன் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

ஆபரேஷன் ஆகிவிட்டது என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்: எதற்காக ஆபரேஷன், கர்ப்பப்பையில் எந்த வகை வெட்டு. வெளியே தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருக்கும் வெட்டைச் சொல்ல முடியாது. நாலு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். லேமினேட் செய்ய வேண்டாம், எழுத்து மங்கிப்போகலாம். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.